செர்ரி மரமும் செப்டம்பர் 5-ம்

போன ஆகஸ்ட் கடைசியில திருத்தணிக்குப் போயிருந்தேன். அக்கா வீடு அங்கதான். ஆடிக் கிருத்திகை கூட்டமெல்லாம் ஓய்ஞ்சு ஊர் அமைதியா இருந்த நேரம். அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கையில ஒரு சின்னப் புத்தகத்தோட வந்து நின்னா. தேசத் தலைவர்கள் வரிசையில ஒண்ணு, நாற்பது பக்கம் இருக்கும். அட்டையில தலைப்பாகை, மூக்குக் கண்ணாடியோட டாக்டர் ராதாகிருஷ்ணன்.

"மாமா, ஆசிரியர் தினத்துக்கு இந்தத் தடவை நான்தான் பேசணும். மூணு நிமிஷம். இதைப் பாத்து எழுதிக் குடுங்க."

அஞ்சு நிமிஷ வேலைன்னுதான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டோம். "டாக்டர் ராதாகிருஷ்ணன் தமிழ்நாட்டில் உள்ள திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தார்"னு அவள் சத்தமா படிச்சா. திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த அவளோட தாத்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "தமிழ்நாடா? நான் பள்ளிக்கூடம் சேரும்போதே இது ஆந்திராம்மா."

அவள் என்னைப் பார்த்தா. "மாமா, புக்கு சரியா, தாத்தா சரியா?"

ஒரு ஏழாவது படிக்கிற பொண்ணோட கேள்விக்குப் பதில் தேடப் போய், குழந்தைகளுக்காக எழுதப்படுற தலைவர் வரலாறுகளைப் பற்றியே ஒரு மாசம் படிக்க வேண்டியதாயிடுச்சு. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல் வரியில இருக்கிற ரெண்டு சிக்கல்

முதல்ல ஊர். 1888-ல தமிழ்நாடும் கிடையாது, ஆந்திராவும் கிடையாது. எல்லாமே சென்னை மாகாணம். திருத்தணி அப்போ வட ஆர்க்காடு மாவட்டத்துல இருந்தது. 1911-ல சித்தூர் மாவட்டம் உருவானபோது அதுக்குள்ள போச்சு. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிரிஞ்சபோது, சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து திருத்தணியும் ஆந்திராவுக்குப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வடக்கெல்லைப் போராட்டம். ம.பொ.சி. தலைமையில தமிழரசுக் கழகம், உள்ளூர்ல மங்கலங்கிழார் மாதிரி தமிழாசிரியர்கள்னு பலரும் பிரிவினைக்கு முன்னால இருந்தே இதுக்காகப் போராடிக்கிட்டு இருந்தாங்க. கடைசியில படாஸ்கர் என்பவரை நடுவரா வச்சுப் பேசி முடிச்சு, 1959-ல நாடாளுமன்றத்துல ஒரு சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துல சேர்ந்தது. பதிலுக்கு சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி அங்கேயே நின்னுடுச்சு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வந்ததே 1969-லதான்.

இதை ராதாகிருஷ்ணனோட வாழ்க்கைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1952-ல அவர் குடியரசுத் துணைத் தலைவர் ஆனபோது அவர் பிறந்த ஊர் சென்னை மாநிலம். அடுத்த வருஷமே ஆந்திரா. 1962 மே 13-ம் தேதி அவர் குடியரசுத் தலைவரா பதவி ஏற்கும்போது மறுபடியும் சென்னை மாநிலம், அதுவும் வெறும் ரெண்டு வருஷமா. அவர் எங்கயும் போகல, ஊர்தான் ரெண்டு தடவை மாநிலம் மாறிச்சு.

அவர் வீட்டு மொழி தெலுங்கு. சர்வபள்ளிங்கிற குடும்பப் பேரே நெல்லூர் மாவட்டத்து ஊர்ப்பேர், முன்னோர்கள் அங்கேருந்து வந்தவங்க. ஆரம்பப் படிப்பு திருத்தணியில. அப்புறம் திருப்பதியில லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர்ல ஊரீஸ் கல்லூரி, கடைசியில சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இன்னிக்கு ரெண்டு மாநிலத்துல கிடக்கிற இந்த நாலு ஊரும் அன்னிக்கு ஒரே மாகாணத்துக்குள்ள, ரயில்ல போய்வர தூரம். இந்த ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல. அக்கா வீட்டுலயே பாட்டி பூ வாங்கப் பேரம் பேசுறது தெலுங்குல, பேத்தியைத் திட்டுறது தமிழ்ல.

ஆக, புத்தகமும் ஒரு வகையில சரி, தாத்தாவும் சரி. "இன்று தமிழ்நாட்டில் உள்ள" அப்படின்னு "இன்று"ங்கிற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தா பிரச்சினையே இல்ல. அந்த ஒரு சொல்லை விட்டதுல, ஊர்க்காரங்க சிறை போய் நடத்தின ஒரு போராட்டமே குழந்தையோட கண்ணுக்குத் தெரியாம போயிடுது.

ரெண்டாவது சிக்கல் தேதி. ராதாகிருஷ்ணனோட மகன் சர்வபள்ளி கோபால் பெரிய வரலாற்றாசிரியர். நேருவோட வாழ்க்கை வரலாற்றை மூணு தொகுதியா எழுதினவர். 1989-ல தன்னோட அப்பாவைப் பற்றியும் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி வெளியிட்டார். அதுல ஆரம்பத்துலயே சொல்லிடுறார்: ஆவணங்கள்ல இருக்கிற தேதி 1888 செப்டம்பர் 5, ஆனா தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20-ன்னுதான் அப்பா நம்பினார்னு.

அதாவது, நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள்ல சாக்லேட் குடுத்துக் கொண்டாடுற அந்தத் தேதியைப் பற்றி, அதுக்குச் சொந்தக்காரருக்கே சந்தேகம் இருந்திருக்கு.

இதைக் கேட்டு அதிர்ச்சி ஆக ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. "நிஜமான தேதி வேற, ஸ்கூல் தேதி வேற"ன்னு சொல்லாத வீடு கம்மி. ஜாதகத்துல ஒண்ணு, சர்டிபிகேட்ல ஒண்ணு. நான் இதைச் சொன்னதும் அக்கா மகள் சிரிச்சா. "எங்க தாத்தாவுக்கும் ரெண்டு பர்த்டே மாமா!" அவளுக்கு ராதாகிருஷ்ணன் மேல மரியாதை குறைஞ்ச மாதிரி தெரியல. அட்டைப் படத்துல இருந்தவர் சட்டுன்னு சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டார், அவ்வளவுதான்.

பொய் சொல்லாத பையனைப் பற்றிய பொய்

குழந்தைகளுக்கான தலைவர் வரலாறுன்னாலே உலகத்துல எல்லாரும் முதல்ல சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு. ராணுவத்துல தளபதியா இருந்து அமெரிக்க அதிபர் ஆனவங்க பல பேர்: ஜாக்சன், கிராண்ட், ஐசனோவர். அந்த வரிசையில முதல் ஆள் ஜார்ஜ் வாஷிங்டன். அவரோட செர்ரி மரக் கதை நம்ம ஊர்ப் பாடப் புத்தகம், வாரமலர் வரைக்கும் வந்து சேர்ந்ததுதான். சின்னப் பையன் ஜார்ஜ் கோடாலியால அப்பாவோட செர்ரி மரத்தை வெட்டிடுறான். யார் வெட்டினதுன்னு அப்பா கேட்கிறார். பையன் பொய் சொல்லாம ஒத்துக்கிறான். அப்பா கட்டிப் பிடிச்சுக்கிறார்.

இதை எழுதினவர் மேசன் வீம்ஸ் என்கிற பாதிரியார். ஊர் ஊரா வண்டியில போய்ப் புத்தகம் விக்கிறதுதான் அவருக்குத் தொழில். வாஷிங்டன் 1799 டிசம்பர்ல செத்துப் போறார். 1800-லயே வீம்ஸோட புத்தகம் வந்துடுச்சு. ஆனா அந்த முதல் பதிப்புல செர்ரி மரம் கிடையாது! 1806-ல வந்த அஞ்சாம் பதிப்புலதான் மரம் முளைக்குது. குடும்பத்துக்கு வேண்டிய ஒரு வயசான அம்மா சொன்னதா வீம்ஸ் எழுதுறார். வேற எந்த ஆதாரமும் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. இன்னொரு வேடிக்கை, வீம்ஸ் எழுதினபடி பையன் மரத்தை வெட்டிச் சாய்க்கவே இல்ல, பட்டையைத்தான் கொத்திச் சேதப்படுத்துறான். சாய்ச்சது பின்னால வந்தவங்க. பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகங்கள்ல ஏற ஏறக் கதையும் வளர்ந்துக்கிட்டே போச்சு.

பொய் சொல்லக் கூடாதுன்னு குழந்தைக்குச் சொல்லித் தர்றதுக்காக ஒரு பொய்.

"நல்ல விஷயத்துக்குத்தானே, இதுல என்ன கெட்டுப் போச்சு"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதுக்கு ஒரு பலமான சாட்சியும் இருக்கு. ஆபிரகாம் லிங்கன் சின்ன வயசுல படிச்ச ஒரு சில புத்தகங்கள்ல வீம்ஸோடதும் ஒண்ணு. 1861 பிப்ரவரியில, அதிபர் பதவி ஏற்கப் போற வழியில, நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் நகர்ல பேசும்போது அவரே இதைச் சொல்றார். அப்படின்னா அந்தப் புத்தகம்தான் ஒரு லிங்கனை உருவாக்கினதுன்னு வாதாடலாமே?

நான் அந்தப் பேச்சைத் தேடிப் படிச்சேன். லிங்கன் மனசுல நின்னது செர்ரி மரம் இல்ல. 1776 டிசம்பர்ல ஒரு ராத்திரி, பனிக்கட்டி மிதக்கிற டெலவேர் ஆத்தைத் தாண்டி வாஷிங்டனோட படை ட்ரென்டனைப் பிடிச்சுதே, அது. ஆத்தைக் கடந்தது, சண்டை, அந்தப் படை பட்ட கஷ்டம். இவ்வளவு கஷ்டத்தை எதுக்காகத் தாங்கிக்கிட்டாங்கன்னு ஒரு சின்னப் பையனா யோசிச்சேன்னு சொல்றார். அது எல்லாமே நிஜமா நடந்தது. வீம்ஸ் கட்டிவிட்ட பகுதி இல்ல, அவர் புத்தகத்துல இருந்த உண்மைதான் லிங்கனைப் பிடிச்சு உலுக்கியிருக்கு.

வாஷிங்டனோட குணத்தைக் காட்ட மரமே தேவையில்ல. 1783-ல போர் முடிஞ்சதும் வெற்றி பெற்ற படை மொத்தமும் அவர் கையில இருந்தது. ராஜா ஆகியிருக்கலாம். அனாபொலிஸ் நகர்ல கூடியிருந்த நாடாளுமன்றத்துக்கு முன்னால போய் நின்னு, தளபதிப் பதவியைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். அதிபர் ஆனது 1789-ல, தேர்தல் வழியா. பதவியை விட்டுட்டுப் போறது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், அவங்களே புரிஞ்சுப்பாங்க.

அவருக்கும் பிறந்தநாள் ரெண்டு! அவர் பிறந்தபோது இருந்த பழைய நாட்காட்டிப்படி 1731 பிப்ரவரி 11. 1752-ல இங்கிலாந்தும் அதோட காலனிகளும் நாட்காட்டியை மாத்தினபோது 11 நாள் தள்ளிப் போச்சு, வருஷப் பிறப்பும் மார்ச்சுலேருந்து ஜனவரிக்கு வந்தது. அதனால 1732 பிப்ரவரி 22 ஆயிடுச்சு.

விட்டுப்போறது எல்லாம் எங்க போகுது?

நம்ம ஊர் சிறுவர் வரலாறுகளுக்கு வருவோம். அக்கா மகளோட புத்தகத்துல இருந்த சம்பவங்களை ஒவ்வொண்ணா சரி பார்த்தேன். சந்தோஷமான செய்தி, பாதிக்கு மேல உண்மை.

தத்துவம் படிச்சதுக்குக் காரணம் ஆசை இல்ல, வசதி. பட்டப்படிப்பு முடிச்ச ஒரு உறவுக்காரப் பையன் தன்னோட தத்துவப் புத்தகங்களைக் குடுத்தார். காசு குடுத்து வேற புத்தகம் வாங்க வேண்டாமே, அதையே படிச்சார். இரவல் புத்தகம் ஒரு ஆளோட வாழ்க்கையையே முடிவு பண்ணின கதை இது. மைசூர்ல ஆசிரியரா இருந்துட்டு 1921-ல கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும்போது, மாணவர்கள் குதிரையை அவிழ்த்துட்டுப் பூ ஜோடிச்ச வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரைக்கும் இழுத்துட்டுப் போனதும் பரவலா பதிவான சம்பவம்தான். எந்தக் கட்டுக்கதையும் இதுக்குப் பக்கத்துல வர முடியாது.

ஆனா அந்தப் புத்தகத்துல ஒரு தெருவிளக்கும் இருந்தது. சின்ன வயசுல அவர் தெருவிளக்கு வெளிச்சத்துல படிச்சாராம். இந்தத் தெருவிளக்கு எனக்குப் பழக்கமானது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி முத்துசாமி ஐயர் கதையில வரும், வங்காளத்து வித்யாசாகர் கதையில வரும். ஏழைப் பையன்னு சொல்லணும்னா உடனே ஒரு தெருவிளக்கைக் கொண்டுவந்து நட்டுடுறாங்க. ராதாகிருஷ்ணன் வறுமையில வளர்ந்தது உண்மை. அப்பா ஒரு ஜமீன்ல சாதாரண வருவாய்த் துறை வேலையில இருந்தவர். பையன் படிப்பு முழுக்க உதவித்தொகையிலதான் ஓடினது. அதைச் சொன்னாலே போதும், விளக்கு வேண்டாம்.

சேர்த்ததைவிட விட்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வச்சது.

ஒண்ணு, சிவகாமு. 1903-ல கல்யாணம் நடந்தபோது அந்தப் பொண்ணுக்குப் பத்து வயசு அளவுதான். அஞ்சு பொண்ணு, ஒரு பையன். 1956-ல இறந்துட்டாங்க, கணவர் குடியரசுத் தலைவர் ஆனதை அவங்க பார்க்கல. நாற்பது பக்கப் புத்தகத்துல அவங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வரி. மகன் கோபால் அப்படி விடல. திருமணத்துக்கு வெளியே அப்பாவுக்கு இருந்த உறவுகளையும் அதனால அம்மா பட்ட வேதனையையும் மறைக்காம எழுதினார். அப்பாவோட புகழைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய மகனே இதை எழுதினார்னு பலர் முகம் சுளிச்சாங்க.

ரெண்டு, ஜாதுநாத் சின்ஹா விவகாரம். ராதாகிருஷ்ணனோட 'இந்தியன் ஃபிலாசஃபி' ரெண்டாம் தொகுதி 1927-ல வந்தது. அதுல தன்னோட ஆய்வேட்டிலேருந்து எடுத்த பகுதிகள் இருக்குன்னு சின்ஹா 1929-ல 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில குற்றம் சாட்டினார், வழக்கும் போட்டார். ராதாகிருஷ்ணன் குற்றச்சாட்டை மறுத்து அவதூறுன்னு பதில் வழக்குப் போட்டார். 1933-ல நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆச்சு. தீர்ப்புன்னு எதுவும் வரல.

மூணு, 1967. குடியரசுத் தலைவரா அவர் இருந்த அஞ்சு வருஷமும் சாதாரண வருஷங்கள் இல்ல. 1962-ல சீனப் போர், 1965-ல பாகிஸ்தான் போர், நடுவுல நேரு, சாஸ்திரின்னு ரெண்டு பிரதமர்கள் பதவியிலேயே மறைவு. கடைசியா 1967 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் நாட்டுக்கு ஆற்றின உரையில, நிர்வாகத்துல இருக்கிற திறமைக் குறைவையும் நாட்டு வளங்களைக் கையாளுற லட்சணத்தையும் வெளிப்படையா கண்டிச்சார். தன்னோட பேர்ல நடக்கிற அரசாங்கத்தையே! ஆசிரியரா இருந்து குடியரசுத் தலைவர் ஆனவர் என்ன மாதிரி ஆசிரியர்னு காட்ட இதைவிட நல்ல இடம் உண்டா? நான் புரட்டின சிறுவர் புத்தகங்கள் எதுலயும் இது இல்ல.

இப்படி விட்டதெல்லாம் காணாமப் போறதில்ல, வாட்ஸ்அப்புக்குப் போகுது. வருஷா வருஷம் செப்டம்பர் முதல் வாரத்துல ரெண்டு விதமான செய்தி வரும். ஒண்ணு மாலை போட்ட படம். இன்னொண்ணு, "உங்களுக்குத் தெரியாத ராதாகிருஷ்ணன்"னு ஆரம்பிக்கும். சின்ஹா வழக்கை எடுத்துக்கிட்டு, "நிரூபணமான திருட்டு"ன்னு ஒரே போடு போடும். பதில் வழக்கு, சமரசம் எதுவும் அதுல இருக்காது. பத்து வயசுல முதல் செய்தியை மட்டும் படிச்ச பிள்ளை, இருபது வயசுல ரெண்டாவதைப் படிக்கும்போது என்ன ஆகும்? "அப்ப எல்லாமே பொய்யா?"ன்னு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடும். வண்டி இழுத்த மாணவர்களும் சேர்ந்து குப்பைக்குப் போவாங்க.

குழந்தைப் புத்தகத்துல ஒளிச்சு வைக்கிற உண்மை பிற்காலத்துல அந்தத் தலைவருக்கு எதிரான ஆயுதமா திரும்பி வருதுங்கிறது என்னோட முடிவு. அந்த ஆயுதத்தைச் செஞ்சு குடுக்கிறது எதிரிகள் இல்ல, மரியாதைன்னு நினைச்சு மறைச்சவங்கதான்.

அப்ப எல்லாத்தையும் சொல்லிடணுமா?

இந்தக் கேள்வியில அமெரிக்கக்காரங்க ரொம்ப அடிபட்டிருக்காங்க. 2016 ஜனவரியில 'எ பர்த்டே கேக் ஃபார் ஜார்ஜ் வாஷிங்டன்'னு ஒரு படப் புத்தகம் வந்தது. அதிபரோட சமையல்காரர் ஹெர்குலிஸும் அவர் மகளும் சேர்ந்து பிறந்தநாள் கேக் செய்யுறாங்க, சர்க்கரை தீர்ந்து போச்சு, என்ன பண்றதுங்கிறது கதை. எல்லார் முகத்துலயும் சிரிப்பு. சிக்கல் என்னன்னா, ஹெர்குலிஸ் ஒரு அடிமை. வாஷிங்டன் இறக்கும்போது அவரோட மவுன்ட் வெர்னன் பண்ணையில 317 அடிமைகள் இருந்தாங்க. சிரிக்கிற அடிமைகளைப் பார்த்து எதிர்ப்பு கிளம்பினதும், சில நாள்லயே பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கிச்சு.

நிஜ ஹெர்குலிஸ் என்ன ஆனார் தெரியுமா? பண்ணையிலேருந்து தப்பிச்சு ஓடிட்டார். எந்த நாள்ல? 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனோட பிறந்தநாள் அன்னிக்கே.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு புத்தகம். ஓனா ஜட்ஜ்னு ஒரு இளம்பெண், வாஷிங்டன் மனைவியோட பணிப்பெண், அவங்களும் அடிமை. 1796-ல பிலடெல்பியாவுல அதிபர் மாளிகையிலேருந்தே தப்பிச்சுக் கப்பல் ஏறிட்டாங்க. வாஷிங்டன் ஆள் விட்டுத் தேடினார், கடைசி வரைக்கும் பிடிக்க முடியல. எரிக்கா ஆம்ஸ்ட்ராங் டன்பார்ங்கிற வரலாற்றாசிரியர் 2017-ல இதைப் பெரியவங்களுக்காக எழுதினார். 2019-ல சிறுவர்களுக்காகவே தனியா ஒரு பதிப்பு வந்தது. அடிமைமுறையையும் அதிபரையும் ஒரே புத்தகத்துல பிள்ளைகள் படிக்கிறாங்க. அதனால வாஷிங்டனோட சிலைகள் ஒண்ணும் விழுந்துடல. தன்னோட உயில்ல, தனக்குச் சொந்தமான அடிமைகளுக்கு விடுதலை எழுதி வச்சவரும் அதே வாஷிங்டன்தான். எல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் அந்த உயிலோட கனமும் புரியும்.

இதையெல்லாம் படிச்சுட்டு நானா வகுத்துக்கிட்ட கணக்கு சுலபமானது. பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு தலைவரோட குடும்ப வாழ்க்கையோட காயங்களை விவரிக்க வேண்டியதில்ல. எதை எந்த வயசுல சொல்றதுங்கிறது பெரியவங்க உரிமை. ஆனா நடக்காததைச் சொல்லக் கூடாது. அதோட, இப்ப சொல்றது நாளைக்குப் பிள்ளை பெரிய புத்தகத்தைப் படிக்கும்போது இடிஞ்சு விழாததா இருக்கணும். "அவர் தப்பே செய்யாதவர்"னு சொன்னா அது என்னிக்காவது இடியும். "அவரைத் தேடி மாணவர்கள் வந்தாங்க, வண்டி இழுத்தாங்க"ன்னு சொன்னா இடியாது, ஏன்னா அது நடந்தது. "சிவகாமுங்கிற ஒரு பொண்ணு பத்து வயசுல அந்த வீட்டுக்கு வந்தா"ன்னு சொன்னாலும் இடியாது. ஏழாவது படிக்கிற பொண்ணு அந்த வயசைக் கேட்டதும் தானா நிமிர்ந்து உட்காருவா. அக்கா மகள் உட்கார்ந்தா. "என்னைவிடச் சின்னவளா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல அன்னிக்கு நான் எதுவும் சொல்லல.

மூணு நிமிஷம்

பேச்சை அவளையே எழுதச் சொன்னேன். தெருவிளக்கை அவளே அடிச்சுட்டா. இரவல் புத்தகம், பூ வண்டி, 1967 உரை மூணையும் எடுத்துக்கிட்டா. முதல் வரியை நாலு தடவை மாத்தினா. கடைசியில வந்தது இது: "இன்னிக்குத் தமிழ்நாட்டுல இருக்கிற நம்ம திருத்தணியில அவர் பிறந்தார். என் தாத்தா பள்ளிக்கூடம் சேர்ந்தப்போ இது ஆந்திரா. அவர் பிறந்தப்போ ரெண்டும் இல்ல."

பிறந்தநாள் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமான்னு வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அக்காவுக்குப் பயம், ஆசிரியர் தின மேடையிலேயே அந்தத் தேதி சந்தேகம்னு சொன்னா டீச்சருங்க என்ன நினைப்பாங்கன்னு. நானும் தயங்கினேன்னு ஒத்துக்கணும். அவள்தான் வழி கண்டுபிடிச்சா. "தன்னோட பிறந்தநாள் வேற தேதியா இருக்கும்னு அவரே நினைச்சாராம். அதனாலதான் என் பிறந்தநாளா கொண்டாடாதீங்க, ஆசிரியர்களுக்காகக் கொண்டாடுங்கன்னு சொல்லிட்டாரோ!"

அதுல ரெண்டாவது வாக்கியம் ஆராய்ச்சிக்கு நிக்காதுன்னு சொன்னேன். 1962-ல நண்பர்களும் பழைய மாணவர்களும் பிறந்தநாள் கொண்டாடக் கேட்டபோது, ஆசிரியர் தினமா கொண்டாடச் சொன்னார்ங்கிறதுதான் பொதுவா சொல்லப்படுறது. தேதிச் சந்தேகத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்ல. "பாத்தியா, நீயும் ஒரு செர்ரி மரம் நடுறே"ன்னேன். கொஞ்ச நேரம் முறைச்சா. அப்புறம் பென்சிலால அடிச்சுட்டு, முதல் வாக்கியத்தை மட்டும் வச்சுக்கிட்டா.

செப்டம்பர் 5 அன்னிக்கு நான் சென்னைக்குத் திரும்பிட்டேன். சாயங்காலம் அக்கா போன் பண்ணினா. பேசி முடிச்சதும் ஒரு டீச்சர் கூப்பிட்டு, பிறந்த தேதி விஷயம் எங்கேருந்து கிடைச்சதுன்னு கேட்டாங்களாம். இவள் கோபால் எழுதின புத்தகத்தோட பேரைச் சொன்னாளாம். அவங்க அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டாங்களாம்.

தாத்தா செல்போன்ல எடுத்த வீடியோவை ரெண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பூ வண்டியெல்லாம் அவர் கேட்கல. அக்காகிட்ட அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "நான் படிச்சப்போ ஆந்திராதான்னு சொன்னாளா?"